பறக்கும் டவர் கட்டப் போய் தபால்காரன் ஆன கதை

வெள்ளமோ நிலநடுக்கமோ வந்து செல்போன் டவர்கள் படுத்துவிட்டால், ஒரு ட்ரோனில் சின்ன ரேடியோவைக் கட்டி மேலே ஏற்றினால் போதும், கீழே இருப்பவர்கள் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். இந்த நினைப்பில்தான் வேலையைத் தொடங்கினேன். பெரிய அளவில் இதைச் செய்தும் இருக்கிறார்கள். 2017இல் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப் போட்டபோது அங்கிருந்த செல்போன் நிலையங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செயலிழந்தன. அப்போது ஏடி அண்டு டி நிறுவனம் தரையோடு ஒயர் கட்டிய ட்ரோன் ஒன்றை 200 அடி உயரத்தில் நிறுத்தி எல்டிஇ (4ஜி) சேவை கொடுத்தது. 2021 ஜூலையில் சீனாவின் ஹெனான் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட மிஹே என்ற சிற்றூருக்கு மேலே விங் லூங் 2ஹெச் என்ற ஆளில்லா விமானம் சுமார் ஐந்து மணி நேரம் சுற்றிச் சுற்றி சிக்னல் தந்தது. அதன் இறக்கை மட்டும் 20 மீட்டர்.

என்னிடம் இருப்பது 450 மில்லிமீட்டர் சட்டத்தில் நானே கோத்த நான்கு மோட்டார் ட்ரோன். 4 செல், 5200 மில்லிஆம்ப்-மணி பேட்டரி. ரேடியோவைச் சுமந்துகொண்டு 18 நிமிடம் தாங்கும். அதற்கு மேல் கேட்டால் தானாகவே இறங்கும், எங்கே என்பது அதன் விருப்பம்.

செல்போன் அலைவரிசையைத் தொட நமக்கு உரிமம் கிடையாது. அதனால் பேச்சை மறந்துவிட்டு எழுத்துச் செய்தி மட்டும் போதும் என்று லோராவுக்கு வந்தேன். குறைந்த மின்சாரத்தில், மெதுவாக, வெகுதூரம் போகும் ரேடியோ முறை அது. லோரா பேசும் எஸ்எக்ஸ் 1262 சிப்பும் இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினியும் சேர்ந்த பலகை ஒன்று உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். ஐரோப்பாவில் 868, அமெரிக்காவில் 915, இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் என்று பட்டை இடத்துக்கு இடம் மாறும். வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும், ஆன்டெனாவையும்தான். '868' என்று அச்சிட்டு வந்த இரண்டு ஆன்டெனாவை நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா சோதிக்கும் கருவியை வைத்து அளந்தால், ஒன்று 790இல் போய் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, 8.2 சென்டிமீட்டர் ஒயர் மேலே, அதே அளவு கீழே என்று ஒரு டைபோல் ஆன்டெனாவை நானே பற்றவைத்தேன். கடைசி வரை அதுதான் ஓடியது.

உயரம் எதற்கு என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டு ரேடியோவும் ஒன்றையொன்று 'பார்த்தால்' மட்டும் போதாது. நடுவே அலை பரவ ஒரு கொழுத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் இடம் காலியாக இருக்க வேண்டும். 866 மெகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த வெள்ளரிக்காயின் நடுப்பகுதி ஆரம் ஏறக்குறைய 21 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 12 மீட்டர் சொச்சம், தடையில்லாமல் இருந்தால் சமாளிக்கலாம். கையில் பிடித்த இரண்டு கருவிகளுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. எங்கள் சோதனையில் மரங்கள் நடுவே 1.2 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. ஒரு முனையை 60 மீட்டருக்கு ஏற்றினால், நடுவழியில் கோடு 30 மீட்டர் உயரத்தில் போகும். இடையில் 15 மீட்டர் மரம் நின்றாலும் உரசாது. ஆக, டவர் தரும் வேலையில் பெரும்பகுதியை உயரம்தான் செய்கிறது.

கணக்கு இப்படி அழகாக இருந்தது. முதல் பறப்பு அப்படி இல்லை.

லோரா கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்திவிட உதவும் மெஷ்டாஸ்டிக் என்ற திறமூல மென்பொருளைப் பலகையில் ஏற்றி, ட்ரோனின் வயிற்றில் பட்டையால் கட்டி, 60 மீட்டருக்கு அனுப்பினேன். என்னோடு வேலை செய்யும் தம்பி இன்னொரு கருவியோடு வண்டியில் 4 கிலோமீட்டர் தள்ளிப் போனான். போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, ட்ரோன் பேசறது எனக்கு நல்லாக் கேக்குது. நான் அனுப்பறதுக்குத்தான் பதிலே இல்ல."

"எத்தனை தடவை அனுப்பின?"

"பத்துத் தடவைக்கு மேல இருக்கும். நீங்க மோட்டாரை நிறுத்துங்க, அப்பக் கேக்குதான்னு பாப்போம்."

"நிறுத்தினா விழுந்துடும்டா."

அவன் விளையாட்டாகச் சொன்னாலும் துப்பு அதில்தான் இருந்தது. மேலிருந்து கீழே கேட்கிறது, கீழிருந்து மேலே கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே சக்தி, ஒரே வகை ஆன்டெனா. அப்படியானால் வழியில் குறையில்லை. மேலே இருக்கும் காது அடைத்துப் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து விசிறிகளைக் கழற்றிவிட்டு மேசையில் சோதித்தேன். எதிர்க் கருவியைத் தகர டப்பாவில் போட்டு மூடி, வேண்டுமென்றே சிக்னலைப் பலவீனமாக்கினேன். ட்ரோனை அணைத்து வைத்தால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் கூட்டல் 5 டெசிபல். எல்லாவற்றையும் போட்டு மோட்டாரைச் சுற்றவிட்டால் ஒரு செய்திகூட வரவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கேமராவை எடுத்தேன், மாற்றமில்லை. பேட்டரி நிலையைத் தரைக்குச் சொல்லும் டெலிமெட்ரி ரேடியோவை எடுத்ததும் செய்திகள் வரத் தொடங்கின, விகிதம் கழித்தல் 11. அதுவும் இதே பட்டையில், என் ஆன்டெனாவிலிருந்து ஒரு சாண் தூரத்தில், ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது! காதுக்குள் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு எதிர் வீட்டில் பேசுவது கேட்கவில்லையே என்று புலம்பிய கதைதான். அதை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன்.

அடுத்தது 5 வோல்ட் கொடுக்கும் குட்டி மாற்றி. பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வெட்டி வெட்டி இறக்கும் வகை அது. வெட்டும் ஒவ்வொரு முறையும் இரைச்சலைத் துப்பும். ரேடியோவுக்குத் தனியாக 18650 என்ற அளவு லித்தியம் செல் ஒன்றைக் கொடுத்தேன். 46 கிராம் எடை கூடியது, விகிதம் கழித்தல் 2க்கு வந்தது. கடைசியாக ரேடியோவையே வயிற்றிலிருந்து எடுத்து 1.2 மீட்டர் கயிற்றில் கீழே தொங்கவிட்டேன். கூட்டல் 4. மோட்டார் சுற்றும்போதே!

கயிறு தன் பங்குக்கு ஒரு வேலை காட்டியது. இறங்கும்போது ரேடியோப் பெட்டி முதலில் தரையைத் தொட்டது, கயிறு தொய்ந்தது, காற்று தூக்கிவிட்டது, ஒரு விசிறி அதைச் சுருட்டி இழுத்தது. இரண்டு விசிறி உடைந்து, ஒரு கால் வளைந்து, பெட்டி பத்தடி தள்ளி விழுந்தது. நான் எட்ட நின்றதால் தப்பித்தேன். இப்போது கயிற்றை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டிருக்கிறேன், மடங்கி மேலே ஏறாது. பெட்டி தரையைத் தொட்டதும் ட்ரோனை இரண்டு மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி அப்புறம்தான் இறக்குகிறேன். கையால் பிடித்து இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு 5 கிலோமீட்டர் சர்வசாதாரணமாக எடுத்தது. இப்போது வேறு பிரச்சினை. உயரத்தில் இருக்கும் காதுக்கு எல்லோர் பேச்சும் கேட்கும், ஆனால் கீழே இருப்பவர்களுக்கு ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. 'அவன் பேசட்டும், நான் பொறுக்கிறேன்' என்று யாரும் ஒதுங்க வழியில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் மேலே போய் மோதிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு மெஷ்டாஸ்டிக்கின் இயல்பான வேகத்தில் 200 பைட் செய்தி ஒன்று காற்றில் 1.75 வினாடி நிற்கும். அதை ஒவ்வொரு கருவியும் மறு ஒலிபரப்பு செய்தால் இன்னும் மோசம். ஐந்து கருவிகளுக்கே திணறியது.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று கிடைத்தது. லோராவில் வேகத்தைக் கூட்டினால் தூரம் குறையும். எல்லோரும் பயந்துகொண்டு மெதுவான வேகத்திலேயே வைப்பார்கள். ஆனால் 60 மீட்டர் உயரம் கிடைத்த பிறகு, தடையில்லாத 5 கிலோமீட்டரில் கணக்குப்படி 40 டெசிபலுக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. சுவரும் மோட்டார் இரைச்சலும் தின்றது போக மிஞ்சுவதே தாராளம். லோராவின் வேகத்தைத் தீர்மானிக்கும் பரவல் காரணியை (குறைந்தால் வேகம் கூடும்) 11இலிருந்து 9க்குக் குறைத்தேன். 5 டெசிபல் போயிற்று, அதே செய்தி அரை வினாடியில் முடிந்தது. உயரம் கொடுத்ததை வேகத்துக்குச் செலவழித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோதலுக்கு வழி, யார் எப்போது பேசலாம் என்பதை ட்ரோனே முடிவு செய்வது. மெஷ்டாஸ்டிக் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதை விட்டுவிட்டு ரேடியோலிப் என்ற நூலகத்தை வைத்துச் சொந்தமாக நிரல் எழுதினேன். தரையில் இருக்கும் கருவிகளுக்குப் பெட்டி 1, பெட்டி 2 என்று எண் கொடுத்தேன். ட்ரோன் வரிசையாகக் கூப்பிடும்: பெட்டி 1, ஏதாவது இருக்கிறதா? அது நான்கு செய்தி வரை தரும், ட்ரோன் ரசீது சொல்லும், அடுத்தது பெட்டி 2. ரசீது வராத செய்தியைப் பெட்டி அழிக்காது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு, அதனால் ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் ஒன்றுதான் காட்டும்.

எத்தனை நேரம் நிற்கும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தொடர்ந்து ஒரு ட்ரோன் வானத்தில் இருக்க வேண்டும் என்றால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தேன். 18 நிமிடத்தில் ஏறி இறங்குவது போக 15 நிமிடம்தான் சேவை. இறங்கிய பேட்டரி ஆற 15 நிமிடம், சார்ஜ் ஏற 70 நிமிடம். ஒரு பேட்டரி திரும்பப் பறக்க 100 நிமிடத்துக்கு மேல் ஆகிறது, ஆகவே ஏழு பேட்டரி சுழற்சியில் வேண்டும். ஒன்று இறங்கும் முன் இன்னொன்று ஏற வேண்டும் என்பதால் ட்ரோன் இரண்டு. சார்ஜ் போட 300 வாட் தொடர்ந்து கொடுக்கும் ஜெனரேட்டர். கண் சிமிட்டாமல் ஓட்ட ஆட்கள்.

சரி, பெரிய நிறுவனங்கள் போல ஒயர் கட்டி மின்சாரம் அனுப்பலாமே? நிற்பதற்கு என் ட்ரோனுக்கு 205 வாட் வேண்டும். 15 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 14 ஆம்பியர். 60 மீட்டர் உயரத்துக்குப் போக வர 120 மீட்டர் ஒயர். 0.8 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் இரண்டரை ஓம், ஒயரிலேயே 34 வோல்ட் கழன்றுவிடும். அனுப்புவதே 15! செம்பின் எடை மட்டும் 860 கிராம் வேறு. அதனால்தான் ஒயர் கட்டிய ட்ரோன்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் அனுப்பி மேலே போய்க் குறைக்கிறார்கள். 400 வோல்ட் என்றால் அரை ஆம்பியர்தான், 140 கிராம் செம்பில் முடிந்துவிடும், இழப்பு 8 வோல்ட். கணக்கு ஆசை காட்டியது. ஆனால் ஈரத் தரை, உரசும் ஒயர், சுற்றிலும் பதற்றத்தில் ஆட்கள், நடுவே 400 வோல்ட். முறையான காப்பும் கசிவுத் துண்டிப்பும் இல்லாமல் அதை வீட்டில் செய்ய எனக்குத் தைரியமில்லை. தைரியம் வரவும் கூடாது.

அப்போதுதான் நான் டவரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பது உறைத்தது. எழுத்துச் செய்திக்கு எதற்குத் தொடர்ச்சி? 'அம்மா பத்திரமாக இருக்கிறார்', 'இன்சுலின் தீரப்போகிறது' போன்ற செய்திகள் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம், நாள் கணக்கில்தான் காத்திருக்கக் கூடாது. தபால் வண்டி போல மணிக்கு ஒருமுறை 12 நிமிடம் ட்ரோன் மேலே போய் எல்லாப் பெட்டிகளிலும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். ஒரு ட்ரோன், இரண்டு பேட்டரி. இரண்டாவது ட்ரோனையும் பறக்கவிட்டு 7 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றோடொன்று பேசவைத்தேன். சுத்தமாக எடுத்தது, நம்பாதவர்களுக்குக் காட்ட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு ஓட்டுநர்கள், இரண்டு இடங்கள், இரண்டு மடங்கு உடையும் வாய்ப்பு. இரண்டாவது இப்போது உபரியாகப் பெட்டியில் தூங்குகிறது.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 868 பட்டையின் பல பகுதிகளில் ஒரு கருவி மணிக்கு 1 சதவீதம், அதாவது 36 வினாடிதான் பேசலாம். 869.5ஐ ஒட்டிய சிறு துண்டில் 10 சதவீதம் உண்டு. தபால் வண்டிக்கு அந்தத் துண்டுதான் சரிப்படும்.

கையில் இருக்கும் போன்

பேரிடரில் யாரிடமும் லோரா கருவி இருக்காது, போன் இருக்கும். 'இந்தச் செயலியை இறக்குங்கள்' என்று சொல்லவும் முடியாது, இணையம் செத்துவிட்டதால்தானே இந்தக் கூத்து. அதனால் ஒவ்வொரு தரைப் பெட்டியும் ஒரு வைஃபையைத் திறந்துவைக்கும். போன் சேர்ந்ததும் ஒரு பக்கம் தானாக விரியும், பெயரும் செய்தியும் எழுதி அனுப்பலாம். விரிய வைப்பதில் ஒரு தந்திரம் உண்டு. ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் சேர்ந்ததும் ஒரு முகவரியைத் தட்டி, 204 என்ற காலிப் பதில் வருகிறதா என்று பார்க்கும். அது வராமல் வேறு ஏதாவது வந்தால், உள்நுழையும் பக்கம் இருக்கிறது என்று நினைத்துத் திறந்து காட்டும். எந்த முகவரி கேட்டாலும் என் பக்கத்தையே கொடு என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

வைஃபைக்கு 'அவசரச் செய்தி' என்று பெயர் வைக்கப் பார்த்தேன். ஏற்கவில்லை. பெயருக்கு 32 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், மொத்தம் 37 ஆகிவிட்டது. 'ச்'சை எடுத்தால் 31. இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும், என் பெட்டிகளில் ஒற்று மிகாது.

இதே தொல்லை செய்திகளிலும் இருந்தது. 'மாத்திரை வேண்டும்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, காற்றில் 49 பைட். மேலே எண்ணிய அரை வினாடியெல்லாம் இப்படியே கரைந்துவிடும். யூனிகோட் அட்டவணையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தமிழுக்கு ஒதுக்கிய இடம் 0பி80இலிருந்து 0பிஎஃப்எஃப் வரை, சரியாக 128 இடங்கள். முன்னால் வரும் '0பி' எல்லாவற்றுக்கும் பொது. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது 80 முதல் எஃப்எஃப் வரை, ஒரே பைட். ஆங்கில எழுத்துகளும் எண்களும் 7எஃப்க்குக் கீழேயே முடிந்துவிடுவதால் மோதலும் கிடையாது. இரண்டு வரி நிரல்தான். 49 பைட் 17 ஆனது. யாரோ கட்டிவைத்த அலமாரியில் நம் சாமான் இடைவெளியில்லாமல் பொருந்தியது போல அன்று முழுக்க ஒரு திருப்தி. இமோஜி மட்டும் இதில் அடங்காது, பக்கமே அதைத் தட்டிவிடும்.

ஐந்து பெட்டிகளோடு ஒரு நாள்

கடைசிச் சோதனைக்கு வேண்டுமென்றே போன் எடுக்காத இடமாகத் தேர்ந்தெடுத்தோம். போய் நின்ற பிறகுதான், இதுவரை எங்கள் எல்லாச் சோதனையையும் போனில் பேசிக்கொண்டே செய்தோம் என்பது புரிந்தது. 'இப்ப அனுப்பு, இப்ப நிறுத்து' என்று சொல்ல வழியில்லை. காகிதத்தில் நேரம் எழுதிப் பிரித்துக்கொண்டு போனோம். காற்று வினாடிக்கு 6 மீட்டர் இருந்தது. தொங்கும் பெட்டி ஆடினாலும் செய்திகள் பிசகவில்லை. 10 மீட்டரைத் தாண்டினால் நான் ஏற்ற மாட்டேன். ஆகவே புயல் அடிக்கும்போது இது உதவாது, அடித்து ஓய்ந்த பிறகுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் 120 மீட்டர்தான் ட்ரோனுக்கு உச்ச வரம்பு, நான் 60ஐத் தாண்டுவதில்லை. ஆனால் பேரிடர் இடத்தில் அந்த உயரத்தில்கூட மீட்பு ஹெலிகாப்டர்கள் வரும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் தீயை அணைத்துக்கொண்டிருந்த விமானம் ஒன்றின் இறக்கையில் யாரோ விட்ட ட்ரோன் மோதி ஓட்டை விழுந்தது, நெருக்கடி நேரத்தில் அந்த விமானம் தரையில் நிற்க வேண்டியதாயிற்று. மீட்புப் பணியை நடத்துபவர்கள் கேட்காமல், நேரமும் உயரமும் அவர்கள் குறித்துக் கொடுக்காமல், இதைக் கிளப்பக் கூடாது. மணிக்கு 12 நிமிடம் மட்டும் வானத்தில் இருக்கிறது என்பது அங்கேயும் வசதி, அவர்கள் கால இடைவெளி ஒதுக்குவது எளிது.

அன்று நான்கு முறை ஏற்றினேன். மூன்றாவது சுற்றில் பெட்டி 4 மட்டும் பதிலே சொல்லவில்லை. அங்கேதான் தம்பி இருந்தான். அடுத்த பறப்பு 4.50க்கு. 4.45க்கு வண்டிச் சத்தம் கேட்டது, அவனே வந்து நின்றான், கையில் தடிப்பு தடிப்பாக. என்னடா என்றால், "செய்தி அனுப்பியிருக்கேன் அண்ணே, வரும் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போனான். ட்ரோன் ஏறியது, இந்த முறை பெட்டி 4 பதில் சொன்னது, திரையில் 4.10க்கு எழுதிய செய்தி விழுந்தது.

'அண்ணே பெட்டிக்குள்ள எறும்பு. துடைச்சு மூடிட்டுக் கிளம்பி வரேன்.'

ஒயர் நுழையும் துளையை அடைக்காமல் விட்டிருக்கிறேன். ஐந்து பெட்டிக்கும் சிலிகான் பூசி இப்போது காயவைத்திருக்கிறேன்.